கேளுங்க, சொல்லுதோம்: ஏரிக்கரைக் காட்டில் சிம்பன்சி

கேள்வி: மகன் தான்சானியாவில், தார் எஸ் சலாமில் வேலை பார்க்கிறான். வருகிற ஆகஸ்டில் நானும் வீட்டுக்காரியும் மகள் வயிற்றுப் பேரனும் (9 வயது) போகிறோம். மகாலே என்று ஏரிக்கரையில் ஒரு காடாம், அங்கே சிம்பன்சி பார்க்கலாம் என்கிறான். செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது, அதிலும் ஒரு மணி நேரம்தான் பார்க்க விடுவார்களாம். கோம்பே என்று இன்னொன்று இருக்கிறதே, அது போதாதா? எனக்கு 61 வயது, முழங்கால் சுமார்தான்.
— அம்பாசமுத்திரம் வாசகர்

பதில்: முதலில் பேரன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி. மகாலேயில் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைச் சிம்பன்சி பார்க்கக் கூட்டிப்போக மாட்டார்கள், கோம்பேயில் 15. அழத்தான் செய்வான். மாமாவோடு விட்டுவிட்டுப் போங்கள், அப்புறம் மிக்குமி என்கிற இன்னொரு காட்டில் யானையும் சிங்கமும் காட்டிச் சமாதானம் செய்யலாம்.

இரண்டு காடுமே தாங்கன்யிகா ஏரியின் கிழக்குக் கரையில்தான் இருக்கின்றன, இரண்டுக்கு உள்ளேயும் ரோடு கிடையாது. கிகோமா ஊரில் படகு ஏறினால் வடக்கே 16 கி.மீ.யில் கோம்பே. 1960இல் ஜேன் குடால் வந்து இறங்கி, புற்றுக்குள் குச்சியை விட்டுக் கறையான் பிடித்துத் தின்னும் சிம்பன்சியைப் பார்த்தது இங்கேதான். மகாலே தெற்கே சுமார் 120 கி.மீ., 1,600 சதுர கி.மீ. பரப்பு. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1965லிருந்து அங்கே ஒரே கூட்டங்களைப் பின்தொடர்ந்து பழக்கியதால்தான் இன்று நீங்களும் நானும் பக்கத்தில் போய் நிற்க முடிகிறது. பெரும்பாலும் சின்ன விமானத்திலோ நீண்ட படகுப் பயணத்திலோதான் போக வேண்டியிருப்பதால் பணம் அதில்தான் கரைகிறது.

கை இறுக்கம் என்றால் கோம்பே போதும். ஆனால் சின்னக் காடுதானே என்று முழங்காலை நம்பி இறங்காதீர்கள், அங்கேயும் செங்குத்துச் சரிவுதான். என்னைக் கேட்டால் கடன் வாங்காமல் முடியுமென்றால் மகாலேக்கே போங்கள். ஆகஸ்ட் நல்ல காய்ச்சல் காலம் (நோய் இல்லை, வெயிலைச் சொல்கிறேன்), சிம்பன்சிகள் மலையின் கீழ்ச் சரிவுகளுக்கு இறங்கி வரும், ஏற்றம் குறையும். காலையிலேயே ஆட்கள் முன்னால் போய்த் தேடி வைத்துவிட்டுத் தகவல் சொல்வார்கள். இருந்தாலும் அரை மணியிலும் கிடைக்கலாம், அரை நாளும் ஆகலாம்.

அந்த ஒரு மணி நேரம் என்பது கெடுபிடிக்காக வைத்ததில்லை. நமக்கு வருகிற சளி அதுகளுக்கும் தொற்றும், நாம் இரண்டு நாள் மிளகு ரசம் குடித்து எழுந்துவிடுவோம், அதுகள் செத்தும் போகலாம். மகாலேயில் 2006இல் அப்படி ஒரு மூச்சு நோய் பரவிப் பல சிம்பன்சிகள் இறந்தன. அதனால்தான் முகக்கவசம், 10 மீட்டர் தள்ளி நிற்பது, ஒரு தடவைக்கு ஆறு பேர், இருமல் இருந்தால் முகாமிலேயே இருந்துகொள்வது. குற்றாலத்தில் குரங்குக்குப் பழம் நீட்டின பழக்கத்தை ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அங்கே சிம்பன்சி பக்கத்தில் நாமே எதுவும் தின்னக் கூடாது.

அந்த நேரத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு சிம்பன்சி எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கோத்துக்கொண்டு, மற்றக் கையால் எதிராளியின் அக்குளில் உண்ணி தேடும். கோம்பேயில் இந்த வழக்கம் கிடையாது. ஒரே ஏரிக்கரை, ஒரே இனம், ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் பழக்கம் வேறு. நான் மகாலே என்று சொல்வதற்கு இதுதான் பாதிக் காரணம்.

கென்யா, எத்தியோப்பியா வழியாக டிக்கெட் போட்டால் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டு, சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்தில் தனியாக உட்காரவைத்துவிடுவார்கள்.

கேள்வி: காரையாறு பக்கம் சின்ன வயதில் சிம்பன்சி பார்த்ததாக எங்க மாமா அடித்துச் சொல்கிறார். உண்மையா?
— கல்லிடைக்குறிச்சி வாசகி

பதில்: மாமா பார்த்தது கருமந்தியாக இருக்கும். முண்டந்துறைக் காட்டில் அதுவும் உண்டு, சிங்கவால் குரங்கும் உண்டு, இரண்டுக்கும் வால் உண்டு. சிம்பன்சிக்கு வால் கிடையாது, ஆப்பிரிக்காவைத் தாண்டி எந்தக் காட்டிலும் அது கிடையாது. இந்தியக் காடுகளில் வாலில்லாக் குரங்கு என்றால் வடகிழக்கில் இருக்கும் ஹூலக் கிப்பன் மட்டும்தான். மாமாவிடம் வால் இருந்ததா என்று மட்டும் கேளுங்கள்.