வீட்டுல வைக்கிற ஹெல்த் மானிட்டரை நர்ஸ்கள் ஏன் உடனே ஏத்துக்கறதில்ல?

ஹோம் மானிட்டரிங்னா பெரியவங்க வீட்டுலயே இருக்க, அவங்க பிபி, சுகர், ஆக்சிஜன், கீழ விழுந்தாங்களாங்கிறதை எல்லாம் மெஷின் பார்த்து நர்ஸோட போனுக்கு அனுப்பறது. பிள்ளைங்க அமெரிக்காவுல, அப்பா அம்மா மயிலாப்பூர்லன்னு இருக்கிற சென்னை வீடுகளுக்கு ரொம்ப தேவையான விஷயம்தான்.

புது டெக்னாலஜியை ஆளுங்க ஏத்துக்கறதுக்கு 1989ல ஃப்ரெட் டேவிஸ்ங்கிற ஆராய்ச்சியாளர் சொன்னது முக்கியமா ரெண்டு விஷயம், அது என் வேலைக்கு உதவுமா, பழக ஈஸியா இருக்குமா. நர்ஸ் பக்கம் இடிக்கிறது முதல் கேள்விலதான். பாட்டி கை ஜில்லுனு இருந்தாலே ஆக்சிஜன் மீட்டர் தப்பா காட்டலாம், உடனே அலாரம், ராத்திரி ரெண்டு மணிக்கு நர்ஸ் பதறிப்போய் போன் பண்ணா பாட்டி நிம்மதியா தூங்கிட்டு இருப்பாங்க. ஃபிளாட் பார்க்கிங்ல பூனை ஏறினதுக்கெல்லாம் கார் அலாரம் கத்துமே, நாலு நாள் கழிச்சு யாராவது எட்டிப் பார்ப்போமா? அதே கதைதான், ஆனா இங்க ஒரு தடவை பார்க்காம விட்டா உயிர் போகலாம், பழி நர்ஸ் தலையில (இதை விக்கிறவங்க டெமோவுல எங்க சொல்றாங்க!). எந்த ரீடிங்குக்கு யாரை கூப்பிடணும், ராத்திரி யார் பொறுப்புன்னு டாக்டர் முதல்லயே எழுதிக் கொடுத்துட்டா தயக்கம் குறையலாம்.

அப்புறம், நர்ஸ்களுக்கு மெஷின்னாலே பயம்னு நினைக்காதீங்க, ஐசியூல அவங்க நாள் முழுக்க மானிட்டர்களுக்கு நடுவுலதான் வேலை பார்க்கறாங்க.