சம்திங்ல ரெண்டு சிலபிலா மூணா? காம்பவுண்ட் வேர்ட்ஸ்ல ஸ்ட்ரெஸ் எங்க வரும்?

‘சம்திங்’ங்கிற வார்த்தைய பசங்க மூணு சிலபிலா (அசையா) பிரிக்கிறாங்க, இந்த மாதிரி ரெண்டு வார்த்தை ஒட்டி வர்ற காம்பவுண்ட் வேர்ட்ஸ்ல ஸ்ட்ரெஸ்ஸும் (அழுத்தமும்) எங்க வரும்னு சொல்லித்தர தெரியலன்னு ஒரு டீச்சர் கேட்டிருக்காங்க.

பசங்க எழுத்தப் பாத்து பிரிக்கிறாங்க, அதான் சிக்கல். முதல்ல ரெண்டு வார்த்தை ஒட்டுன இடத்துல வெட்டச் சொல்லுங்க, சம் தனி, திங் தனி. அப்புறம் ஒவ்வொரு துண்டுலயும் எத்தனை உயிர் சத்தம் காதுல விழுதுன்னு எண்ணச் சொல்லுங்க. ‘சம்’ கடைசில எழுதுற ஈ வாய்ல வர்றதே இல்ல, அதனால ரெண்டு சிலபில்தான். டைப்ரைட்டர்லயும் அப்படித்தான், நடுவுல இருக்கிற ஈ-ய விட்டுட்டா டைப், ரை, டர்னு மூணு.

இப்போ ஸ்ட்ரெஸ். தமிழ்ல எந்த அசைய அழுத்திச் சொன்னாலும் வார்த்தையோட அர்த்தம் மாறாது, அதனால நம்ம பசங்க எல்லா சிலபிலையும் ஒரே கனத்துல சொல்லிட்டுப் போறாங்க, ஆனா இங்கிலீஷ்ல அது ரொம்ப முக்கியம். ‘கிரீன்’ல அழுத்தி ஒரே மூச்சுல கிரீன்ஹவுஸ்னு சொன்னா செடி வளக்கிற கண்ணாடிக் கூடம், ரெண்டையும் தனித்தனியா சொல்லி ‘ஹவுஸ்’ல கூடுதலா அழுத்துனா பச்சை நிற வீடு. பிளாக்போர்டும் அப்படித்தான், போர்டு பச்சையாவே இருந்தாலும் முதல் துண்டுல அழுத்தினா அது பிளாக்போர்டுதான். பெயர்ச்சொல்லா இருந்தா பெரும்பாலும் முதல் துண்டுலதான் ஸ்ட்ரெஸ்: ஏர்போர்ட், டூத்பிரஷ், நியூஸ்பேப்பர்.

ஓல்ட்-ஃபேஷன்ட், பேட்-டெம்பர்ட் மாதிரி பெயரடைகள்ல ரெண்டாவது துண்டு பலமாகும். வினைச்சொல்லும் அநேகமா அப்படித்தான், அண்டர்ஸ்டாண்ட்ல ‘ஸ்டாண்ட்’. ஓவர்ஃப்ளோ வினையா வந்தா ‘ஃப்ளோ’ல அழுத்தணும், பெயரா வந்தா முன்னாடி ‘ஓ’வுல, இந்த ஒரு ஜோடியையே கிளாஸ்ல நல்லா பழக்குங்க, பசங்க சட்டுனு பிடிச்சுக்குவாங்க.

விதிவிலக்கு இருக்கு, மறைக்காம சொல்லிடுங்க. ஆப்பிள் ஜூஸ்ல ‘ஆப்பிள்’ பலம், ஆப்பிள் பை-ல ‘பை’ பலம். ஸ்ட்ரீட்னு முடியுற தெருப்பேர்ல முன்னாடி அழுத்தம், ரோடு, அவென்யூன்னு முடிஞ்சா பின்னாடி. கப்போர்டுன்னு எழுதுறத ‘கபட்’ மாதிரி சொல்றாங்க, ரெண்டாவது துண்டு அவ்வளவு தேஞ்சு போச்சு, போஸ்ட்மேன்ல வர்ற ‘மேன்’னும் அப்படியே ‘மன்’னு சுருங்கிடும்.

சந்தேகம் வந்தா டிக்‌ஷனரில உச்சரிப்பப் பாருங்க, மேல இருக்கிற சின்னக் கோடு முக்கிய ஸ்ட்ரெஸ், கீழ இருக்கிறது ரெண்டாவது ஸ்ட்ரெஸ், ரெண்டுமே பெரும்பாலும் அழுத்த வேண்டிய சிலபிலுக்கு முன்னாடிதான் நிக்கும்.