பாத எரிச்சலும் குண்டலினியும்

அன்புள்ள ஐயா,

மூன்று ஆண்டுகளாக வீகன் உணவில் இருக்கிறேன். பால், நெய், தேன் எதுவும் தொடுவதில்லை. அடுத்த மாதம் பத்து நாள் யோகா முகாமுக்குப் போகிறேன், அங்கும் வீகன் சாப்பாடுதான். உடன் வரும் நண்பர், "பழைய யோக நூல்களே பாலும் நெய்யும் சாப்பிடச் சொல்கின்றன, வீகன் யோகா நேற்று வந்த மோஸ்தர்" என்கிறார். யார் சொல்வது சரி? முதல் இரண்டு நாள் தலைவலி வரும், அது நச்சு வெளியேறுவது என்று முகாமில் சொல்கிறார்கள். உண்மையா? இன்னொன்று. சில மாதங்களாக இரண்டு பாதங்களிலும் மின்சாரம் ஓடுவதுபோல இருக்கிறது, கொஞ்சம் எரிகிறது. குண்டலினி சக்தி எழும்புவதன் அடையாளம் என்றார் பயிற்சியாளர். மகிழ்ச்சியாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்,

நூல் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது சரி. ஹடயோக பிரதீபிகை என்ற பழைய யோக நூலின் உகந்த உணவுப் பட்டியலில் கோதுமை, அரிசி, பார்லியோடு பால், நெய், வெண்ணெய், தேன் எல்லாம் வருகின்றன. யோகசூத்திரம் எழுதிய பதஞ்சலி அகிம்சையை முதல் யமமாக, அதாவது முதல் ஒழுக்க விதியாக வைத்தார். சாப்பாட்டுப் பட்டியல் எதுவும் தரவில்லை. அந்த அகிம்சையைப் பால் பண்ணைவரை நீட்டிப் பார்க்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நெய் ஊற்றிக்கொள்வதால் நண்பரும் யோகத்திலிருந்து விழுந்துவிட மாட்டார். போகிற வழியில் சண்டை போடாதீர்கள்.

தலைவலிக்குப் பெரும்பாலும் காப்பியைத் திடீரென்று நிறுத்துவதுதான் காரணம். நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும். இரண்டு வாரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்; நச்சும் வெளியேறாது, தலையும் வலிக்காது.

"மகிழ்ச்சியாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். உங்கள் மேல் பாதி, அந்தப் பயிற்சியாளர் மேல் பாதி. மூன்று ஆண்டு வீகன், இரண்டு பாதத்திலும் எரிச்சல், வைட்டமின் பி12 மாத்திரை பற்றிக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை.

தாவர உணவில் நம்பத்தக்க பி12 கிடையாது. அது பாக்டீரியா செய்யும் பொருள். ஸ்பைருலினா என்ற பாசியில் இருப்பது பெரும்பாலும் நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம். கல்லீரல் சில ஆண்டுகளுக்கான இருப்பை வைத்திருப்பதால் தொடக்கத்தில் உடம்பு லேசாக, மனம் தெளிவாக இருப்பதாகவே தோன்றும். இருப்பு தீர்ந்தால் ரத்தச்சோகை வந்து காட்டிக்கொடுக்க வேண்டும். ஆனால் கீரையும் பயறும் நிறையச் சாப்பிடுகிறவருக்கு ஃபோலேட் என்ற வைட்டமின் தாராளமாகக் கிடைக்கிறது, அது ரத்த அணுக்களை ஓரளவு ஒப்பேற்றிவிடும். ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை வரும். நரம்பின் மேலுறை மட்டும் சத்தமில்லாமல் பழுதாகிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் பாதத்தில்தான் முதலில் தெரியும், இரண்டு பக்கமும் ஒன்றுபோல.

பத்மாசனத்தில் கால் மரப்பது வேறு. நரம்பு அழுத்தப்படுவதால் வருவது அது; காலை நீட்டிச் சில நிமிடம் இருந்தால் போய்விடும். நடக்கும்போதும், இரவு படுக்கையிலும், காலையில் பல் தேய்க்கும்போதும் இருந்தால் ஆசனத்தின் மேல் பழி போடாதீர்கள். ஒன்று செய்து பாருங்கள். சுவருக்கு அருகில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, பாதங்களைச் சேர்த்து நில்லுங்கள். கண்ணை மூடுங்கள். திறந்திருந்தபோது நேராக நின்றவர் மூடியதும் சாய்ந்தால், பாதம் அனுப்பும் செய்தி மூளைக்குச் சரியாகப் போய்ச் சேராமல் இருக்கலாம். ஒற்றைக் காலில் நிற்கும் விருக்ஷாசனம் திடீரென்று கைகூடாமல் போனதற்கு 'மனம் ஒருமுகப்படவில்லை' என்று தங்களையே திட்டிக்கொள்கிறவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். சாயவில்லை என்பதைப் பரிசோதனைக்குப் போகாமலிருக்கச் சாக்காக்க வேண்டாம்.

குண்டலினி ஒரு வாரம் காத்திருக்கும். நரம்பு காத்திருக்காது, நாள்பட்ட சேதம் முழுதாகத் திரும்புவதில்லை.

அறிகுறி ஏதும் இல்லாத வீகனுக்கு நாள்தோறும் 10 மைக்ரோகிராம் பி12, அல்லது வாரம் ஒருமுறை 2000. ஏன் இவ்வளவு வித்தியாசம்? குடல் ஒரு வேளைக்கு ஏறக்குறைய 2 மைக்ரோகிராம்தான் முறையாக ஏற்கும். மீதியில் நூற்றில் ஒரு பங்குதான் தானாகக் கசிந்து உள்ளே போகும். அதனால் 10 மைக்ரோகிராம் மாத்திரையை நினைத்தபோது போட்டுக்கொள்வதில் பயனில்லை. செறிவூட்டிய சோயா பாலிலும் கொஞ்சம் கிடைக்கும். டப்பாவை நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள், சேர்த்த கால்சியம் அடியில் தங்கிவிடும். வீட்டில் அரைத்த பாதாம் பாலில் பி12 இல்லை, புரதமும் பெயருக்குத்தான்.

முகாம் சமையலறைக்கு எழுதிக் கேளுங்கள். உப்பு அயோடின் சேர்த்ததா? பாலும் மீனும் இல்லாதவருக்கு அயோடின் கிடைக்கும் முக்கிய வழி அது. இளஞ்சிவப்பு இமாலய உப்பு அந்த வேலையைச் செய்யாது. பத்து நாளில் ஒன்றும் ஆகாது, ஆனால் வீட்டிலும் அதையே வைத்திருக்கிறீர்களா? பயறு 8 மணி நேரமாவது ஊறி, ஊறிய தண்ணீரைக் கொட்டுகிறார்களா? இல்லையென்றால் மாலை வகுப்பில் வாயுவை வெளியேற்றும் பவனமுக்தாசனத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்காது. ராஜ்மாவைக் குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் விடும் மின்பானை ஆபத்து. ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் அழிய 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும்.

மருத்துவரிடம் 'பொதுவான செக்கப்' என்று சொல்லாதீர்கள். பாதத்தையும், மூன்று ஆண்டு வீகன் என்பதையும் சொல்லுங்கள். பி12 எல்லைக்கோட்டில் வந்தால், பி12 குறையும்போது ஏறும் மெத்தில்மலோனிக் அமிலத்தின் பரிசோதனை தெளிவாக்கும். சர்க்கரை, தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள், அவற்றாலும் இப்படி வரலாம். ஊசியா மாத்திரையா என்பது அவர் முடிவு. இதைப் படித்துவிட்டு இன்றைக்கே மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டுப் போய் நிற்காதீர்கள், எண் ஏறிவிடும், குறைபாடு தெரியாமல் போகும். முதலில் ரத்தம் கொடுங்கள். முகாம் அடுத்த மாதம்தானே, இந்த வாரமே போங்கள்.