டிடிஆர், ஆர்டிஎஸ், டிசிடி: லினக்ஸ் சீரியல் டிரைவர் கேள்வி பதில்

கே: சீரியல் போர்ட்டைத் திறந்தாலே என் ஆர்டுயினோ ஊனோ (சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) ரீசெட் ஆகிறது. டிரைவரில் கோளாறா?

ப: இல்லை. திறந்ததும் கெர்னல் டிடிஆர் (கணினி தயார்), ஆர்டிஎஸ் (அனுப்ப அனுமதி கேட்பது) என்ற சிக்னல் கம்பிகள் இரண்டையும் ஏற்றிவிடும்; "இங்கே ஆள் வந்தாச்சு" என்று மோடத்துக்குச் சொல்லும் பழைய வழக்கம் அது. ஊனோவில் டிடிஆர் ஒரு 100 நானோஃபாரட் கப்பாசிட்டர் வழியாக ரீசெட் பின்னுக்குப் போகிறது, அதனால் டிடிஆர் மாறும் அந்தக் கணத்தில் மட்டும் ரீசெட் கீழே இழுபட்டுத் தானாக மேலே வந்துவிடும். மூடும்போது டிடிஆரை இறக்கச் சொல்வது ஹெச்யுபிசிஎல் கொடி. போர்ட் அமைப்புகளை மாற்றும் எஸ்டிடிஒய் கட்டளையால் அதை அணைத்தால் டிடிஆர் ஏறியபடியே நிற்கும், அடுத்த முறை ரீசெட் ஆகாது. ஆனால் கொடியை அணைக்கவே போர்ட்டைத் திறந்தாக வேண்டுமே, முதல் ரீசெட் தப்பாது.

கே: எங்கள் போர்டில் டிசிடி (இணைப்பு இருக்கிறது), டிஎஸ்ஆர் (மறுமுனை தயார்), சிடிஎஸ் (அனுப்பலாம்) பின்களே இல்லை. நிலையைக் கேட்டால் டிரைவர் என்ன சொல்ல வேண்டும்?

ப: மூன்றும் ஏறியிருக்கிறது என்று சொல்லுங்கள், கெர்னல் ஆவணமும் அதைத்தான் கேட்கிறது. பூஜ்யம் திருப்பினால், மோடம் கம்பிகளைக் கவனிக்காதே என்னும் சிலோக்கல் கொடி இல்லாதவர் போர்ட்டைத் திறக்கும்போது டிசிடிக்காகக் காத்துக்கொண்டே இருப்பார். வன்பொருள் ஃப்ளோ கன்ட்ரோல் (சிடிஎஸ் ஏறியிருந்தால்தான் அனுப்புவது) போட்டவருக்கு ஒரு பைட்கூட வெளியே போகாது. தொலைபேசி மணியடிப்பதைச் சொல்லும் ஆர்ஐயை மட்டும் இறங்கியதாகவே காட்டுங்கள்.

கே: ஐ2சி (இரண்டு கம்பி பஸ்) வழியே பேசும் யுஆர்ட் சிப், அதாவது சீரியல் போர்ட் சிப். டிடிஆரை மாற்றும் ஃபங்ஷனில் கெர்னல் திட்டுகிறது.

ப: அந்த ஃபங்ஷன் போர்ட் லாக்கைப் பிடித்தபடி, இன்டரப்ட் அணைந்த நிலையில் அழைக்கப்படுகிறது, அங்கே தூங்கக் கூடாது, அதாவது சிபியுவை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. ஐ2சி தூங்கும். மதிப்பைக் குறித்துவைத்துக்கொண்டு வேலையை ஒரு வொர்க் க்யூவுக்கு (பிறகு, தூங்கலாம் என்ற இடத்தில் வேலை செய்யும் வரிசை) தள்ளிவிடுங்கள்.

கே: 16550 என்ற யுஆர்ட் சிப்பில் டிசிடி விழுந்தது சில சமயம் பதிவாகவே இல்லை. ஏன்?

ப: இதில் நான் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன். மோடம் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் மேல் நான்கு பிட் இப்போதைய நிலை, கீழ் நான்கு பிட் கடந்த முறை படித்ததற்குப் பிறகு எது மாறியது என்பது. படித்த உடனே கீழ் நான்கும் அழிந்துவிடும்! உங்கள் டிரைவர் வெறும் நிலை தெரிந்துகொள்ள அந்த ரெஜிஸ்டரைப் படித்து, கீழ் பிட்களைத் தூக்கிப் போட்டால், அப்புறம் வரும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. எங்கே படித்தாலும் சரி, ஒரே ஃபங்ஷன் வழியாகப் படியுங்கள், மாற்றம் இருந்தால் அங்கேயே கையாளுங்கள். இந்த சிப் குடும்பத்துக்கான லினக்ஸின் 8250 டிரைவரும் இப்படித்தான் செய்கிறது, அதன் மோடம் ஸ்டேட்டஸ் ஃபங்ஷனை ஒரு முறை வரிவரியாகப் படித்துப் பாருங்கள்.