எதிர்ப்பு ரகத் தக்காளியிலும் வேர்முடிச்சு வந்தால்

வேரில் முடிச்சு உண்டாக்கும் நுண்ணிய நூற்புழுவைத் தாங்கும் ரகம் என்று நம்பி மார்ச்சில் நட்டதாகவும், பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு என்றும் எழுதியிருந்தீர்கள். விதைக்காரரைத் திட்டுவதற்கு முன் மண்ணின் சூட்டைப் பாருங்கள்.

இந்த ரகங்களின் எதிர்ப்பு பெரும்பாலும் எம்ஐ-1 என்ற ஒரே மரபணுவை நம்பியிருக்கிறது. 1940-களில் காட்டுத் தக்காளியிலிருந்து கலப்பினம் வழியாக வந்தது. 1998-இல்தான் பிரித்தெடுத்து அடையாளம் கண்டார்கள். நூற்புழுக் குஞ்சு வேருக்குள் நுழைந்து, சில செல்களைப் பூதாகரமாக வீங்கவைத்து அதிலேயே உட்கார்ந்து உண்ணும். எம்ஐ-1 உள்ள செடியோ அந்த இடத்துச் செல்களைத் தானே சாகடித்துவிடும், புழு பட்டினிதான். ஆனால் மண் 28 டிகிரியைத் தாண்டினால் இந்தக் காவல் தளர்ந்துவிடும். நம் ஊர் மார்ச், ஏப்ரலில் கேட்கவா வேண்டும்!

பக்கத்தில் கொய்யாத் தோட்டம் உண்டா? கொய்யாவை அழிக்கும் மெலாய்டோகைனி என்டெரோலோபி என்ற நூற்புழு இனத்திடம் எம்ஐ-1 குளிர்ந்த மண்ணிலும் பலிக்காது. ஒரு முடிச்சை பிளேடால் கீறி உருப்பெருக்கியில் பாருங்கள், முத்துப்போல் வெள்ளையாகப் பெண்புழு தெரியும். ஆனால் எந்த இனம் என்பதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். வேரோடு ஈரமண்ணும் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்த நடவைக் குளிர்ந்த பருவத்துக்குத் தள்ளி, வைக்கோல் மூடாக்குப் போடுங்கள்.