மாடு கன்று போட்டு ஆறு மணி நேரமாகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. விழும்வரை கறக்காதே, கொடியில் பழைய செருப்பைக் கட்டு என்கிறார்கள். செய்யலாமா?

இரண்டுமே வேண்டாம். முதலில் கன்றை மடியில் விடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

கன்று முட்டிக் குடிக்கும்போது சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன்தான் பாலை இறக்குகிறது, கருப்பையையும் சுருங்க வைக்கிறது. கொடி விழட்டும் என்று கன்றைத் தள்ளிக் கட்டினால், விழ உதவுவதையே தடுக்கிறீர்கள். தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குச் சீம்பாலில் மட்டும்தான் வரும். ஒரு நாள் போனால் அதைக் கன்றின் குடல் ஏற்காது. 25 கிலோ கன்றுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சீம்பால், அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும். ஆனால் கறவை அதிகமுள்ள மாட்டை முதல் நாளே ஒட்டக் கறந்துவிடாதீர்கள், பால் காய்ச்சல் (கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடும் நோய்) வரலாம்.

ஆறு மணி நேரம் பயப்படும் நேரமல்ல. 8 முதல் 12 மணி நேரத்துக்குள் விழுவது வழக்கம். கொடி கருப்பையில் சட்டைப் பொத்தான் மாட்டியதுபோல நூறு இடத்தில் பிடித்திருக்கும். செருப்பு, கல் என்று பாரம் கட்டினால் பாதியில் அறுந்து மிச்சம் உள்ளே அழுகும். சில மாட்டுக்குக் கருப்பையே வெளியே வந்துவிடும். கையை விட்டு உரிப்பதும் ஆகாது.

கைவைத்தியம் என்றால், ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு முழு முள்ளங்கி கொடுப்பார்கள். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. எட்டு மணி நேரமாகியும் விழாவிட்டால் ஒன்றரை கிலோ வெண்டைக்காயை வெல்லம், உப்பு சேர்த்துக் கொடுங்கள். 12 மணி நேரமாகியும் நின்றால், அறையை (பிறப்புறுப்பின் வாயை) ஒட்டிக் கொடியில் ஒரு முடிச்சுப் போட்டு, அதற்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டிவிடுங்கள். மிச்சம் உள்ளே ஏறிக்கொண்டு தானாகக் கழியும். கையுறை கட்டாயம். மாடு தின்னாமல் நின்றாலோ, நாற்றமடித்தாலோ, காய்ச்சல் 103 டிகிரியைத் தாண்டினாலோ வெண்டைக்காயை மறந்துவிட்டு, கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்குப் போன் செய்யுங்கள்.

'பெரியவர்கள் சொன்னதெல்லாம் மூடநம்பிக்கையா' என்று யாராவது வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை. விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவதால் பால் அதிகமாகிவிடாது. ஆனால் மாடு அதைத் தின்னாது, நாய் இழுக்காது. அதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கோபமெல்லாம் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டு, 'சுழி (மாட்டின் மேல் முடி சுழித்திருக்கும் இடம்) சரியில்லை' என்று நல்ல மாட்டின் விலையை அடிக்கும் தரகர்கள் மேல்தான். அதே சுழி அவர்கள் விற்கும்போது மட்டும் ராஜசுழி ஆகிவிடும்.

ஒன்று மட்டும்: மாதம் நிறையாமல் கன்று விழுந்திருந்தால் கொடியை மரத்தில் கட்டாதீர்கள். காரணம் புருசெல்லா என்ற கருச்சிதைவு நோயாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.