14 கிலோ பையோடு கேதார்காந்தா ஏற முடியுமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41, எடை 56 கிலோ. டிசம்பர் கடைசி வாரத்தில் உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தா சிகரத்துக்குப் போகிறார். பனியில் ஏறுவது இதுதான் முதல் முறை. கூடாரம், ஸ்லீப்பிங் பேக், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாவற்றையும் மலையேற்ற அமைப்பாளர்கள் தருகிறார்கள். அப்படியிருந்தும், அவர்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்து அடுக்கினால் பை 14.5 கிலோ வருகிறதாம். "மொட்டை மாடியில் பத்து நிமிஷம் சுமந்து நடந்தேன், தோள் அறுந்துவிடும் போலிருந்தது. கடையில் கேட்டால், ஒரு கிலோகூட இல்லாத புதுப் பை இருக்கிறது, 18,000 ரூபாய் என்கிறார்கள். வாங்கலாமா? அல்லது பையைக் கோவேறு கழுதையில் ஏற்றிவிடலாமா?" என்று கேட்கிறார். பையில் இருப்பவற்றை எடையோடு எழுதி அனுப்பியதற்கு நன்றி. பாதி வேலையை அவரே முடித்துவிட்டார்.

முதலில் பதில்: புதுப் பை வாங்காதீர்கள். இருக்கிற பையே போதும். தண்ணீரையும் சேர்த்து எட்டரை கிலோவுக்குள் கொண்டுவந்துவிடலாம், அதற்கு ஏறக்குறைய எதையுமே வாங்க வேண்டியதில்லை.

உங்கள் கணக்கில் தண்ணீர் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு லிட்டர் நிரப்பினால் உங்கள் பை 16.5 கிலோ. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. உங்களுக்கு அது 11 கிலோ. ஆனால் அது நடந்து பழகியவர்களுக்கான மேல் வரம்பு. நீங்கள் ஏறப்போவது 12,500 அடி. மேலே போகப்போக மூச்சு வாங்கும், பனியில் கால் புதையும், ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் உழைப்பு வேண்டும். அதனால்தான் எட்டரை என்கிறேன்.

கடைக்காரர் காட்டிய பையைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வலையில் விழுந்தவர்களை ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். ஒரு கிலோவுக்குக் குறைவான பைகளில் பல எப்படி அவ்வளவு லேசாகின்றன? உள்ளே இருக்கும் சட்டத்தை எடுத்துவிடுகிறார்கள், இடுப்புப் பட்டையின் பஞ்சைக் குறைத்துவிடுகிறார்கள். எட்டு ஒன்பது கிலோ வரை அது சரியாக இருக்கும். அதில் 14 கிலோவைப் போட்டால் பை தொய்ந்து முழுப் பாரமும் தோளில் இறங்கும். உங்கள் 2.1 கிலோ பையில் சட்டமும் இருக்கிறது, நல்ல பட்டையும் இருக்கிறது. உள்ளே இருப்பதைக் குறைக்காமல் பையை மட்டும் மாற்றினால் 18,000 ரூபாய் கொடுத்து தோள்வலியை வாங்கி வருவீர்கள். உள்ளே இருப்பதைக் குறைத்துவிட்டால் பழைய பையே வலிக்காது. எப்படிப் பார்த்தாலும் அந்தப் பணம் வீண். கடைக்காரர் உங்கள் பட்டியலைக் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். வீட்டிலேயே எடுத்துவைத்துவிட வேண்டிய பொருள்களைப் பற்றிப் பேசினால் அவருக்கு வியாபாரம் இல்லை.

சரி, இப்போது பையைத் திறப்போம்.

துணிதான் பெரிய பாரம், 5.2 கிலோ. ஜீன்ஸை முதலில் எடுங்கள், 700 கிராம். பருத்தி நனைந்தால் சீக்கிரம் காயாது, குளிரில் உடம்புச் சூட்டை உறிஞ்சும். ரயிலுக்கும் ஜீப்புக்கும் அது வேண்டுமென்றால், அடிவாரக் கிராமமான சாங்க்ரியில் நீங்கள் தங்கும் விடுதியிலேயே ஒரு துணிப்பையில் விட்டுவிட்டு ஏறுங்கள். பெரும்பாலான விடுதிகளில் வைத்துக்கொள்வார்கள். பருத்தி டி-ஷர்ட்கள் மூன்று, கூடுதல் டிராக் பேன்ட் இரண்டு, கனமான கம்பளி ஸ்வெட்டர் ஒன்று, இவற்றையும் எடுங்கள். இதிலேயே 2.6 கிலோ போய்விட்டது. நாலு நாள் மலையில் குளிக்கவும் முடியாது, துவைக்கவும் முடியாது. உங்களோடு வரும் எல்லாருக்கும் அதே நிலைதான், யாரும் உங்கள் சட்டையைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நடக்க ஒரு செட், அதற்கு மாற்றாகச் சீக்கிரம் காயும் டி-ஷர்ட் ஒன்று, குளிருக்கு ஜாக்கெட், அதற்கு உள்ளே போடும் மெத்தென்ற ஃப்ளீஸ் மேலாடை, தொப்பி, கையுறை, மூன்று ஜோடி சாக்ஸ். மாற்றுடை அவ்வளவுதான்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் "எடையைக் குறை" என்று சொன்னதும் ஆர்வத்தில் பலர் முதலில் தூக்கி எறிவது இதைத்தான். தூங்குவதற்கு மட்டும் ஒரு உலர்ந்த தெர்மல் செட் (குளிருக்கு உடம்போடு ஒட்டிப் போடும் உள்ளுடை), மேலும் கீழும், அதோடு ஒரு ஜோடி தடிமனான சாக்ஸ். எல்லாம் சேர்த்து அரைக்கிலோ இருக்கும். அதைத் தொடாதீர்கள். ஏறும்போது எவ்வளவு குளிரிலும் முதுகு வியர்க்கும், பை அழுத்தும் இடம் முழுக்க நனைந்திருக்கும். நடக்கும்வரை தெரியாது. முகாமுக்கு வந்து உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் அந்த ஈரம் சில்லிடும். டிசம்பர் கடைசியில், ஏறும் வழியில் இருக்கும் ஜூடா கா தாலாப் முகாமில் இரவு வெப்பநிலை உறைநிலைக்கு வெகு கீழே போகும். ஈரத் துணியோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்தால், உங்கள் உடம்பு அந்த ஈரத்தைக் காயவைப்பதிலேயே சூட்டைச் செலவழிக்கும். விடியும்வரை நடுங்கிக்கொண்டிருப்பீர்கள், மறுநாள் நடக்கத் தெம்பு இருக்காது.

இந்த செட்டை ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையில் கட்டி வையுங்கள். முகாமுக்கு வந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள், காலையில் கிளம்பும்முன் கழற்றி மறுபடி உறைக்குள் வைத்துவிடுங்கள். காலையில் அதைக் கழற்ற மனசே வராது, ஈரமான சட்டையை மறுபடி போடுவது கொடுமையாகத்தான் இருக்கும். ஆனாலும் கழற்ற வேண்டும். அதோடு நடந்தால் அன்று இரவு உங்களிடம் உலர்ந்த துணி என்று எதுவுமே மிஞ்சாது. சிகரத்துக்குக் கிளம்பும் அதிகாலையில் மட்டும், இருட்டும் காற்றும் கடுமையாக இருப்பதால், தெர்மல் பேன்ட்டை உள்ளே போட்டுக்கொள்ளலாம். கால் அவ்வளவாக வியர்க்காது. மேல் தெர்மல் அன்றைக்கும் உறைக்குள்ளேயே இருக்கட்டும். என் குழுவில் வந்த ஓர் இளைஞர் எடை குறைக்கிறேன் என்று இந்த செட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். இரண்டாம் நாள் இரவு என் தெர்மலைக் கொடுத்துத்தான் அவரைத் தூங்கவைத்தேன். அன்று நான் ஜாக்கெட்டோடு உட்கார்ந்தே விடியவைத்தேன்.

சாப்பாடு 1.8 கிலோ. பருப்புப் பொடி, முறுக்கு, ஊறுகாய் பாட்டில், தொக்கு. புரிகிறது, வட இந்தியச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமோ என்ற பயம். அமைப்பாளர்கள் கிச்சடி, பருப்பு, சாதம், ரொட்டி என்று சூடாகக் கொடுப்பார்கள். ஊறுகாய் பாட்டிலில் கண்ணாடியே கால் கிலோ இருக்கும். ஒரு சின்ன டப்பாவில் பொடி கொஞ்சம், நாளுக்கு மூன்று கடலை மிட்டாய், அவ்வளவு போதும். 400 கிராமைத் தாண்டாது.

குளியல் துண்டு அரைக்கிலோ. அதற்குப் பதில் பழைய பருத்தித் துண்டில் கைக்குட்டை அளவு வெட்டிக்கொள்ளுங்கள், முகம் துடைக்க மட்டும். ஷாம்பு, பாடி லோஷன், பவுடர் எல்லாம் சேர்ந்து 900 கிராம் இருக்கிறது. பிரஷ், சின்ன பேஸ்ட், சன்ஸ்கிரீன், உதட்டுக்குத் தடவ ஒன்று, மீதியைச் சின்னச் சின்ன பாக்கெட்டுகளாக எடுங்கள். சன்ஸ்கிரீனையும் கருப்புக் கண்ணாடியையும் விடாதீர்கள், பனியில் வெயில் கீழிருந்தும் அடிக்கும். மருந்தில் அட்டைப் பெட்டிகளையும் முழு ஸ்ட்ரிப்புகளையும் எடுத்துவிட்டு நாலு நாளுக்கு வேண்டியதை மட்டும் பெயர் தெரியும்படி வெட்டி வையுங்கள். நீங்கள் தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதை மட்டும் இரண்டு நாள் கூடுதலாக எடுங்கள்.

கேமரா 1.4 கிலோ. படம் எடுப்பது உங்கள் உயிர் என்றால் கொண்டுபோங்கள், அந்த முடிவு உங்களுடையது. இல்லையென்றால் போன் போதும். பவர் பேங்க் 20,000 எம்ஏஎச், 450 கிராம். வீட்டில் யாரிடமாவது 10,000 இருந்தால் கேட்டு வாங்குங்கள், எடை பாதியாகும். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும், ராத்திரி போனையும் பவர் பேங்கையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். விமானத்தில் போகிறீர்கள் என்றால் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும்.

ஸ்டீல் ஃப்ளாஸ்க் கனம்தான், ஆனால் வைத்துக்கொள்ளுங்கள். சாதா பாட்டிலில் தண்ணீர் உறைந்துவிட்டால் குடிக்க எதுவும் இருக்காது. இரண்டாவது பாட்டிலாக, தண்ணீர் வாங்கிக் குடித்த பிளாஸ்டிக் பாட்டிலே போதும், அரைலிட்டர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். பை 2.1, துணி 2.6, சாப்பாடு 0.4, முகத்துக்கானவை 0.25, மருந்து 0.15, பவர் பேங்க் 0.22, பாட்டில்கள் 0.55, சின்னத் துண்டு 0.1, லேசான ரப்பர் செருப்பு 0.2, பான்சோவும் (தலைவழியே போர்த்திக்கொள்ளும் மழையங்கி) டார்ச்சும் 0.5. ஏறக்குறைய ஏழு கிலோ. ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்த்தால் எட்டரை.

இந்த 14.5 கிலோவுக்கு உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அமைப்பாளர்கள் அனுப்பும் பட்டியல்களைப் பாருங்கள். ஒரே பட்டியலை டிசம்பர் பனிக்கும் மே மாத வெயிலுக்கும் அனுப்புகிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் "2 அல்லது 3" என்று போட்டிருக்கும், எடை என்று ஒரு வரி இருக்காது. சாங்க்ரியில் உடல்தகுதிச் சான்றிதழைக் கேட்பார்கள், ஆதார் நகல் வாங்குவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். நான் பார்த்த குழுக்களில் ஒருவர்கூட பையைத் தராசில் தொங்கவிட்டுப் பார்த்ததில்லை. சில நூறு ரூபாய்த் தூக்குத் தராசு ஒன்று போதும், பாதிப் பேரின் முழங்காலைக் காப்பாற்றிவிடலாம். இதை எத்தனை முறை, எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன். இன்னொரு பக்கம், விமானத்தில் 15 கிலோ அனுமதி என்பதால், 15 கிலோவுக்குள் இருந்தால் சரி என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது விமானம் சுமக்கும் எடை, நீங்கள் சுமக்கும் எடை இல்லை.

அடுத்து கோவேறு கழுதை. முழங்காலிலோ முதுகிலோ ஏற்கெனவே பிரச்சினை இருந்தால் தயங்காமல் ஏற்றிவிடுங்கள். இல்லையென்றால் வேண்டாம். கழுதையில் போகும் பை நாள் முழுக்க உங்களோடு வராது. தண்ணீர், பான்சோ, ஜாக்கெட் மூன்றையும் எப்படியும் ஒரு சின்னப் பையில் நீங்கள் சுமக்கத்தான் வேண்டும். பனி அதிகமாகப் பெய்துவிட்டால் கழுதைகள் மேலே வரவும் முடியாது. அமைப்பாளரிடம் முன்கூட்டியே பதிந்து, ரசீது வாங்கியிருந்தால் மட்டும் கொடுங்கள். டேராடூனில் ஜீப் ஏறும் இடத்திலும் சாங்க்ரிக் கடைத்தெருவிலும் "மேடம், பேக் ஏத்தணுமா?" என்று வருபவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். அவர்கள் கழுதைக்காரர்கள் இல்லை, இடைத்தரகர்கள். மொத்தத்தையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு, கழுதை மேய்ப்பவருக்கு அதில் கொஞ்சத்தைத்தான் கொடுப்பார்கள். ஒரு முறை எங்கள் குழுவில் இரண்டு பேரின் பை இப்படிப் போய், அன்று இரவு முகாமுக்கு வந்து சேரவே இல்லை. மறுநாள் மதியம்தான் கிடைத்தது.

வாடகைக் கடைகளிலும் இதே கவனம் வேண்டும். ஊன்றுகோலை வாடகைக்கு எடுக்கலாம். ஷூவை எடுக்கவே எடுக்காதீர்கள், அடுத்தவர் காலுக்குப் பழகிய ஷூ உங்களுக்குக் கொப்புளம்தான் தரும். ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்சங்கிலியைப் பெரும்பாலும் அமைப்பாளரே தருவார், கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதற்குப் பணம் கட்டாதீர்கள். உங்கள் ஷூவும் லேசாக இருக்கட்டும். காலில் ஏறும் ஒரு கிலோ, முதுகில் நாலைந்து கிலோ ஏறியதற்குச் சமம்.

1955-இல் எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணி, 67 வயதில், தானே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு 3,200 கிலோமீட்டருக்கும் மேலான அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடித்தார். கூடாரம்கூட எடுத்துப்போகவில்லை. அவர் நடந்தது பனிக்காலத்தில் இல்லை, அதனால் அவரைப் பார்த்து உங்கள் ஜாக்கெட்டை எடுத்துவிட வேண்டாம். அடுத்த முறை யாராவது 18,000 ரூபாய்ப் பையைக் காட்டும்போது மட்டும் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுக்கும் முறையும் முக்கியம். பைக்குள் முதலில் ஒரு பெரிய குப்பைப் பையை விரித்து அதற்குள் அடுக்குங்கள். வெளியே போடும் மழையுறை முதுகுப் பக்கத்தை மூடாது. தூங்கும் துணி அடியில், தண்ணீரும் கனமானவையும் நடுவில், முதுகை ஒட்டி. பட்டையை வயிற்றில் கட்டாமல், இடுப்பு எலும்பின் மேல் உட்காரும்படி முதலில் இறுக்குங்கள், அப்புறம்தான் தோள் வாரை இழுக்க வேண்டும். தோளுக்கும் வாருக்கும் இடையில் ஒரு விரல் நுழைந்தால் பாரம் இடுப்பில் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

கிளம்ப இன்னும் ஒரு மாசம் இருக்கிறது. எட்டரை கிலோவாக அடுக்கிய பையோடு வாரம் இரண்டு முறை மலைக்கோட்டைப் படிகளில் ஏறி இறங்குங்கள். நீங்கள் போடப்போகும் அதே ஷூ, அதே சாக்ஸ். தோள் வலித்தால் இடுப்புப் பட்டையைச் சரிசெய்யுங்கள். தராசில் ஒன்பதைத் தாண்டினால் பட்டியலை மறுபடி எனக்கு அனுப்புங்கள்.